‘என்ன தின்றது?’ என்று கேளுங்கள்

மாணவர்களே, முதலில் ஒரு புதிர்.

ஒரு பசு படுத்திருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. பின்னங்கால்களை ஊன்றப் பார்க்கிறது, சரிந்து விழுகிறது. ஆனால் கண் தெளிவாக இருக்கிறது. கூப்பிட்டால் காதை ஆட்டுகிறது. வாயருகே புல்லைக் கொண்டுபோனால் ஆசையாகத் தின்கிறது. காய்ச்சல் இல்லை. எலும்பு முறியவும் இல்லை. சிறுநீர் மட்டும் ‘கோப்பி ஓ’ நிறத்தில் போகிறது. மூளை வேலை செய்கிறது, பசி எடுக்கிறது, நடக்க மட்டும் முடியவில்லை. அப்படியானால் உடம்பில் எங்கே பழுது?

தசையில் என்று சொன்னவர்களுக்கு முழு மதிப்பெண். பழுதை உண்டாக்கியது எது என்று கேட்டால், கிருமி என்றோ பாம்புக்கடி என்றோ கண்ணேறு என்றோ பலரும் பல பதில் சொல்வார்கள். இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து வந்தால், கால்நடை மருத்துவர்கள் சந்தேகப்படும் பொருள்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. சாலையோரத்தில் மஞ்சள் பூ பூத்து நிற்கும் ஒரு செடியின் விதைதான் அது.

அந்தச் செடிக்குத் தமிழில் பேயாவாரை என்று பெயர். பொன்னாவாரை என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் சென்னா ஆக்சிடென்டாலிஸ். பழைய நூல்களில் காசியா ஆக்சிடென்டாலிஸ் என்று இருக்கும். அதன் விதையை வறுத்துப் பொடித்துக் கோப்பித் தூளுக்குப் பதிலாகப் பயன்படுத்திய வழக்கம் பல நாடுகளில் இருந்ததால், ஆங்கிலத்தில் அதைக் ‘காஃபி சென்னா’ என்று அழைக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் தோன்றி, உலகின் வெப்ப மண்டலம் முழுவதும் களையாகப் பரவிய செடி இது. மலேசியாவிலும் வளர்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஓர் உயிர் திடீரென்று நோயில் விழுந்தால், ‘எந்தக் கிருமி?’ என்று கேட்கும் அதே வேகத்தில் ‘என்ன தின்றது?’ என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டுமென்றால், நம்மைச் சுற்றி வளரும் செடிகளின் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது பாட்டி காலத்துப் பழம்பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தக் கேள்வி தாமதமாகக் கேட்கப்பட்டதால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

தசைக்குள் என்ன நடக்கிறது?

படிவம் 4 உயிரியலில் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்திருப்பீர்கள். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை ஏ.டி.பி. என்ற வடிவில் உயிரணுவுக்குத் தயாரித்துக் கொடுக்கும் இடம் அது. ஓயாமல் உழைக்கும் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிக அதிகம்.

தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சுருங்கிய தசை தளர்வதற்கும் அது வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். தசை இழைக்குள் கால்சியம் வெளிப்படும்போது இழை சுருங்குகிறது. அந்தக் கால்சியத்தை மீண்டும் சேமிப்பு அறைக்குள் இறைத்து அனுப்பினால்தான் இழை தளரும். அந்த இறைக்கும் வேலைக்கு ஏ.டி.பி. செலவாகிறது.

பேயாவாரையின் எல்லாப் பாகங்களிலும் நச்சு உண்டு; விதையில்தான் அதிகம். அந்த விதையைத் தின்ற விலங்குகளின் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கிச் சிதைந்திருந்தன. பிரேசில் ஆய்வாளர்கள் விதையிலிருந்து டையாந்த்ரோன் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்துக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோதும் இதே வகைத் தசைச் சிதைவு ஏற்பட்டது. ஆற்றல் தயாரிக்கும் இடமே கெட்டுவிட்டால் கால்சியத்தை இறைக்க ஆற்றல் இருக்காது. கால்சியம் உள்ளே தேங்குகிறது. இழை தளர முடியாமல் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் உடைகிறது.

உடைந்த இழையிலிருந்து இரண்டு பொருள்கள் இரத்தத்தில் கசிகின்றன. ஒன்று கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி. இரத்தப் பரிசோதனையில் இதன் அளவு பல மடங்கு உயர்ந்திருந்தால், எங்கோ தசை உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொன்று மையோகுளோபின். தசைக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, அதற்கு ஆக்சிஜனைச் சேமித்துத் தரும் புரதம் இதுதான். இது சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது சிறுநீர் கறுத்துப்போகிறது. புதிரில் பார்த்த ‘கோப்பி ஓ’ நிறம் இப்படி வந்ததே.

கால்நடைகளில் முதலில் வயிற்றுப்போக்கு வரும். சில நாள்களில் நடை தள்ளாடும். பின்னங்கால்களின் பெரிய தசைகள்தாம் பெரும்பாலும் அதிகமாகப் பாதிக்கப்படுகின்றன. பிறகு படுத்துவிடும். இறந்த மாட்டை அறுத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய தசையில் வெளிறிய பட்டைகள் தெரியும். இதயத் தசையிலும் சிதைவு காணப்படலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்து அந்தத் தீவனத்தை நிறுத்தினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. படுத்துவிட்ட மாடு மீள்வது அரிது.

எல்லா விலங்குக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிலும் பன்றியிலும் கோழியிலும் தசைச் சேதம் முன்னிலையில் நிற்கிறது. குதிரையில் கல்லீரலும் மூளையும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. ஒரே விதை, ஒவ்வோர் உடம்பிலும் வேறு வேறு கதவைத் தட்டுகிறது.

கால் எழாததற்கெல்லாம் ஒரே காரணமா?

இல்லை. இங்கேதான் அறிவியலில் பொறுமை தேவைப்படுகிறது.

எட்டி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் என்ற நச்சை 1818-ஆம் ஆண்டில் பெல்லத்தியே, காவன்தூ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முதன்முதலில் தனியாகப் பிரித்தார்கள். எட்டிக்கொட்டை தின்ற விலங்கின் தசை விறைத்து வில்லாக வளையும். பார்த்தால் தசை நோய் போலவே இருக்கும். உண்மையில் அந்த நச்சு தசையைத் தொடுவதில்லை. தண்டுவடத்தில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் நரம்புச் செய்தியை அது தடுத்துவிடுகிறது. கடிவாளம் அறுந்த குதிரை போலத் தசை ஓடுகிறது. அங்கே பழுது ஆணையிடும் இடத்தில். பேயாவாரையில் பழுது ஆணையை நிறைவேற்றும் இடத்தில்.

இன்னொன்றும் உண்டு. உடம்பில் வைட்டமின் இ, செலினியம் ஆகியவை குறைந்தால் கன்றுகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் ‘வெள்ளைத் தசை நோய்’ வரும். அதிலும் தசை வெளிறும், கால் எழாது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலிருப்பதால், பேயாவாரை நஞ்சுக்கு வைட்டமின் இ, செலினியம் ஊசி போடத் தோன்றும். அது பயன் தராது, கெடுதலாகவும் முடியலாம் என்று கால்நடை மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன.

அறிகுறி ஒன்றாக இருக்கலாம், காரணம் வேறாக இருக்கலாம். அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பவர் குருட்டாம்போக்கில் கல்லெறிகிறார். அந்த விலங்கு எங்கே மேய்ந்தது, யார் தீவனம் போட்டார்கள், அதில் என்ன கலந்திருந்தது என்று விசாரிப்பவர்தான் காரணத்தை நெருங்குகிறார்.

பிஜ்னோர் குழந்தைகள்

இனி கொஞ்சம் தொலைவாகப் போவோம். இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிஜ்னோர், சஹாரன்பூர் போன்ற மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில், சிறு குழந்தைகள் திடீரென்று வாந்தி எடுத்து, நினைவிழந்து, வலிப்பு வந்து, சில நாள்களிலேயே இறந்தார்கள். பெரும்பாலும் ஏழைக் கிராமத்துக் குழந்தைகள். மூளைக்காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். வைரஸைத் தேடினார்கள். ஆண்டுகள் ஓடின.

பிஜ்னோரில் குழந்தை மருத்துவராக இருந்த விபின் வசிஷ்டாவுக்கும், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பல்லாண்டு பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜானுக்கும் இதில் ஒரு முரண் தெரிந்தது. மூளை அழற்சி என்றால் காய்ச்சல் தூக்கலாக இருக்க வேண்டும். தண்டுவட நீரில் அழற்சியின் தடயம் இருக்க வேண்டும். இங்கே அவை இல்லை. மாறாக, இரத்தத்தில் கல்லீரல் நொதிகளும் தசை நொதிகளும் எகிறி நின்றன. நோய் மூளையில் மட்டும் இல்லை; கல்லீரல், தசை, மூளை மூன்றிலும் ஒரே நேரத்தில் இருந்தது.

அப்போதுதான் கேள்வி மாறியது. நோயுற்ற குழந்தைகளின் வீட்டாரிடமும் நலமாக இருந்த குழந்தைகளின் வீட்டாரிடமும், ‘பிள்ளை நோய்க்கு முன்பு என்ன தின்றது?’ என்று முறையாக விசாரித்து ஒப்பிட்டார்கள். பேயாவாரைக் காயையும் விதையையும் தின்றவர்கள் நோயுற்ற குழந்தைகளிடையே மிக அதிகமாக இருந்தார்கள். தெருவோரத்தில் விளையாடும் பிள்ளைகள், பயற்றங்காய் போலிருந்த அந்தக் காயைப் பறித்து உரித்துத் தின்றிருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டில் இந்த முடிவு மருத்துவ இதழ்களில் வெளிவந்தது. பின்னர் லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் எலிகளுக்கு அந்த விதையைக் கொடுத்துச் சோதித்தார்கள். கல்லீரல், தசை, மூளை ஆகிய மூன்றிலும் சேதம் கண்டார்கள். விதையில் இருந்த ஆந்த்ரகுயினோன் வகைச் சேர்மங்களை நோயுற்ற குழந்தைகளின் உடல் நீர்களிலும் கண்டறிந்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. இந்த விதை மாடுகளின் தசையை அழிக்கிறது என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1960-களிலேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். தசைச் சேதம், கறுத்த சிறுநீர், உயர்ந்த நொதி எல்லாம் அந்தக் கட்டுரைகளில் இருந்தன. குழந்தைகளுக்கான விடை 2007-இல்தான் வந்தது. இடையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள். மாட்டு மருத்துவர் எழுதியதைக் குழந்தை மருத்துவர் படிக்கும் பழக்கம் இல்லாமல் போனதற்கு அந்தக் கிராமங்கள் கொடுத்த விலை பெரிது.

2016-ஆம் ஆண்டில் ஒடிசா மாநிலத்தின் மல்கான்கிரி மாவட்டத்தில் 100-க்கும் மேற்பட்ட பழங்குடிக் குழந்தைகள் இறந்தபோதும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் முதலில் பேசப்பட்டது. ஜேக்கப் ஜான் தலைமையில் சென்ற குழு, பேயாவாரை நஞ்சுக்கும் அந்தச் சாவுகளில் பங்கு உண்டு என்று சுட்டிக்காட்டியது.

நம் நாட்டில் இப்படி நடக்காது என்று சொல்லாதீர்கள். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நெகிரி செம்பிலானில் பன்றிப் பண்ணையாளர்கள் மூளை வீக்கம் கண்டு இறந்தபோது, இங்கேயும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் முடிவு கட்டினார்கள். கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் இறந்தவர்கள் பன்றிகளோடு பழகிய பெரியவர்கள். அந்தப் பன்றிகளும் இருமிக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் இருந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கண்டுபிடித்த பிறகுதான் அது ‘நிப்பா’ என்ற புதிய வைரஸ் என்று தெரிந்தது. நம் நாட்டில் 105 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் வைரஸ், பிஜ்னோரில் காரணம் விதை. ஆனால் பாடம் ஒன்றுதான். பக்கத்தில் இருந்த விலங்கு ஏற்கெனவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

நம் வட்டாரத்துக்கு இதில் என்ன?

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத்தில் வாழும் உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். பால்மரக் காலத்தில் லயத்து வீடுகளின் பின்னால் மாட்டுக்கொட்டகையும் ஆட்டுப்பட்டியும் இருந்தன. காலையில் பால் வெட்டி முடித்து, மாலையில் புல் அறுத்து வந்து மாட்டுக்குப் போட்ட குடும்பங்கள் ஏராளம். 1917-ஆம் ஆண்டில் இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டத்தில்தான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபொக்கோனியே தொடங்கினார். பிறகு செம்பனை எங்கும் பரவியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். ஆனாலும் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் சாலையோரத்தில் கட்டிப்போட்ட மாட்டையும் செம்பனை நிழலில் மேயும் ஆட்டையும் இன்றும் பார்க்கலாம்.

பச்சைப் பேயாவாரைக்கு ஒரு கெட்ட வாடை உண்டு. பசியில்லாத மாடு அதைப் பெரும்பாலும் தொடாது. விலங்குக்கே ஓர் எச்சரிக்கை உணர்வு இருக்கிறது. ஆபத்து எப்போது வருகிறது? நாம் அதன் தேர்வைப் பறிக்கும்போது. குட்டைக் கயிற்றில் கட்டினால், எட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் அது தின்னும். புல்லோடு புல்லாக அறுத்து, இயந்திரத்தில் நறுக்கிக் கலந்து போட்டால், விதை எது தண்டு எது என்று அதற்கும் தெரியாது. அறுவடை இயந்திரத்தில் களை விதையும் சேர்ந்து தானியத்தில் கலந்துவிட்டால் கோழியும் பன்றியும் மாட்டிக்கொள்ளும். வெளிநாடுகளில் இப்படித்தான் பல சம்பவங்கள் நடந்திருக்கின்றன. நம் நாடு தீவன மக்காச்சோளத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மாடு வளர்க்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் வேலை உண்டு. ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது’ என்ற முன்னுரையோடு மூலிகைக் குறிப்புகள் கைப்பேசியில் நாள்தோறும் வருகின்றன. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழி நமக்குத் தெரியும். அது ஆவாரைக்குச் சொன்னது. அதே இனத்தில், அதே மஞ்சள் பூவோடு நிற்கும் பேயாவாரைக்கு அது பொருந்தாது. வறுத்தால் நச்சு குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் அடுப்படியில் எந்த விதை எவ்வளவு வறுபட்டது என்று அளக்கக் கருவி யாரிடம் இருக்கிறது? செடியை அடையாளம் காணத் தெரியாதவர் கையில் மூலிகைக் குறிப்பு, ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் கையில் லோரி கிடைத்ததற்குச் சமம்.

பிடுங்கிப் போட்டால் முடிந்ததா?

‘அப்படியானால் நச்சுச் செடிகளை எல்லாம் அழித்துவிடலாமே!’ என்று சிலர் கேட்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதல் காரணம், முடியாது. நம் வேலியோரம் குன்றிமணி, ஆமணக்கு, அரளி, ஊமத்தை என்று நச்சுள்ளவை ஒரு பட்டியலே போடலாம். இரண்டாவது காரணம், களைக்கொல்லி அடிப்பது ஒரு நஞ்சுக்குப் பதில் இன்னொரு நஞ்சைக் கொண்டுவருவது. தோட்டத்தில் மருந்து அடித்த பெண்கள் பட்ட பாட்டை உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் தடை செய்தது சும்மா இல்லை. மூன்றாவது காரணம், நச்சு என்பது அளவையும் பொறுத்தது. ஒரே செடி ஓர் உயிருக்கு உணவு, இன்னோர் உயிருக்கு நஞ்சு. ஆவாரை இனச் செடிகளின் இலையைத் தின்றே வளரும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு.

கொட்டகையைச் சுற்றியும், தீவனம் அறுக்கும் இடத்திலும், சிறு பிள்ளைகள் விளையாடும் திடலிலும் வளரும் பேயாவாரையைக் காய் முற்றுமுன் வேரோடு பிடுங்கினால் போதும். காட்டோரத்தில் நிற்பது அங்கேயே நிற்கட்டும். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று தீர்மானிக்கப் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரியாதவர் ஒன்று எல்லாவற்றையும் வெட்டுவார், அல்லது எதையும் கவனிக்கமாட்டார்.

பெயர் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் படகில் போனவர்களுக்கு ‘பெரெம்பாங்’ என்ற மரத்தின் பெயர் தெரியும். அந்த மரம் போனால் மின்மினி போய்விடும் என்பதும் தெரியும். அதனால் அந்த மரத்தை வெட்டவிடாமல் காக்க ஆள் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

பேயாவாரையை அடையாளம் காண்பது கடினம் இல்லை. 1 முதல் 2 மீட்டர் வரை வளரும். ஒவ்வோர் இலைக்காம்பிலும் நுனி கூர்ந்த சிற்றிலைகள் நான்கு முதல் ஆறு இணைகள் வரை இருக்கும். கசக்கினால் நாறும். பூ மஞ்சள். காய் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்தில், தட்டையாக, சற்றே மேல்நோக்கி வளைந்து, பழுப்பு நிறத்தில் வெளிறிய ஓரத்தோடு இருக்கும். இதை ஊசித்தகரையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் சிற்றிலைகள் இரண்டு மூன்று இணைகள்தாம், நுனி உருண்டிருக்கும், காய் மெலிந்து நீண்டு வளைந்திருக்கும். மலாயில் கெலெங்காங் என்று சொல்லும் சீமை அகத்தியும் வேறு. அதன் பூங்கொத்து மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் நான்கு ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் உள்ள சாலையோரச் செடிகளில் 20-ஐத் தேர்ந்தெடுங்கள். இலை, பூ, காய் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுங்கள். தோட்டத்தில் களை எடுத்த பாட்டிமாரிடமும் மாடு வளர்க்கும் தாத்தாமாரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். தமிழில் என்ன பெயர், மலாயில் என்ன பெயர், மாடு தின்னுமா, ஆடு தின்னுமா என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்வது எல்லாம் சரியாக இருக்கும் என்பதில்லை. அதனால் உயிரியல் ஆசிரியரிடம் காட்டி அறிவியல் பெயரோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். சந்தேகமான விதையை நாக்கில் வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. கைகழுவாமல் சாப்பிடவும் கூடாது.

தெரிந்தவர் வீட்டு ஆடோ மாடோ கால் எழாமல் படுத்தால், மருத்துவர் வருமுன் நான்கு விவரங்களைக் குறித்து வையுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் எங்கே மேய்ந்தது? தீவனம் எங்கிருந்து வந்தது? சிறுநீர் என்ன நிறம்? அதே தீவனம் தின்ற மற்ற விலங்குகள் எப்படி இருக்கின்றன? மீதமுள்ள தீவனத்தைக் கொட்டிவிடாமல் ஒரு பையில் எடுத்து வையுங்கள். கால்நடை மருத்துவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. சிறு பிள்ளை எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல், அந்தக் காயையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கு வழிகாட்டவே இருக்கிறது. ஆனால் எந்தச் செடி என்று சொல்ல முடிந்தால்தான் அந்த வழிகாட்டல் கூர்மையாக இருக்கும்.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகப் போகிறீர்கள், சிலர் கால்நடை மருத்துவராக, சிலர் வேதியியலாளராக. எந்த வேலைக்குப் போனாலும் அடுத்த துறைக்காரர் எழுதியதைப் படிக்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள். மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்றே என்பதை இன்று உலகம் ‘ஒன் ஹெல்த்’ என்ற பெயரில் பேசுகிறது. மாடு வைத்திருந்த நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது புதிய செய்தி அல்ல. மாடு படுத்தால் முதலில் புல்கட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தை நுண்ணோக்கியோடும் இரத்தப் பரிசோதனையோடும் சேர்த்து முன்னெடுத்துப் போவது இனி உங்கள் பொறுப்பு. அந்த 20 செடிகளின் குறிப்பேட்டை முடித்தவர்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் காட்சிக்கு வையுங்கள். பக்கத்துக் கம்பத்தில் ஆடு வளர்ப்பவரையும் அன்றைக்கு மறக்காமல் அழையுங்கள்.